மோலிக்கு ஒரு தண்ணீர், பவளத்துக்கு ஒரு தண்ணீர்: மலையில் மீன் வளர்ப்பவர் ஆர்.ஓ. வாங்கலாமா?

சித்தப்பா மகனுக்குத் திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்கு மாற்றல். வீடு பார்த்தாகிவிட்டது, மூன்றடி மீன் தொட்டியை உடையாமல் மலையேற்ற வண்டியும் பேசியாகிவிட்டது. போன மாதம் போனில் கேட்டான்: "அண்ணா, தொட்டிக்குன்னு வாங்கின ஆர்.ஓ. மெஷினையும் தூக்கிட்டு வரட்டுமா? இல்ல, இங்கயே வித்துட்டு அங்க வந்து நல்லதா ஒண்ணு வாங்கிக்கட்டுமா?"

இரண்டும் வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவனே அடுத்ததைச் சொல்லிவிட்டான். மோலியும் கப்பியும் இருக்கிற தொட்டியோடு, குளிர் ஊருக்குப் போகிறோமே, சின்னதாக ஒரு கடல் தொட்டியும் வைத்துப் பார்க்கலாம் என்று ஆசையாம். மோலிக்குத் தேவையான தண்ணீர் ஒன்று, பவளத்துக்குத் தேவையான தண்ணீர் வேறொன்று. ஒரே மெஷினைக் காட்டி இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோவையாக எழுதிவைக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

முதலில் நான் செய்த தப்பு. கோவையில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) 1,180 காட்டும். குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சுண்ணாம்புக் கோடு, பிளேடு வைத்துச் சுரண்டினாலும் முழுசாகப் போகாது. அங்கே ஆர்.ஓ. இல்லாமல் ஏஞ்சல் மீன் குஞ்சு பொரிக்க வைப்பது நடக்காத காரியம். அந்தப் பழக்கத்தில், குன்னூருக்கு வரும்போது மெஷினையும் சேர்த்துத்தான் லாரியில் ஏற்றினேன். பெட்போர்டுக்கு மேலே குடிவந்த முதல் வாரம் நகராட்சித் தண்ணீரில் மீட்டரை நனைத்தால் 41. மீட்டர் போய்விட்டது என்று பாட்டரி மாற்றினேன். 42.

நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் பாறை. சுண்ணாம்புக் கல் மாதிரி அது தண்ணீரில் லேசில் கரையாது. மேலே விழுகிற மழை சோலை, புல்வெளி, தேயிலைச் சரிவு என்று இறங்கி அணைக்கு வருவதற்குள் அதில் கலந்துகொள்ளப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. குன்னூருக்கு வரும் ரேலியா அணைத் தண்ணீரும் ஊட்டிக்கு வரும் பார்சன்ஸ்வேலித் தண்ணீரும் அப்படிப்பட்டவைதான். ஆர்.ஓ. என்பது உப்பை வடிகட்டும் கருவி. உப்பே இல்லாத தண்ணீரை அதில் விட்டு எதை வடிகட்டுவது? குடிநீர் விஷயத்தில்கூட, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ. வைப்பதைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய அரசிடம் சொன்னது. நம் தண்ணீர் அந்த 500-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகமே வைத்து இந்த மலைத் தண்ணீரில் மீன் பொரித்தார்கள்.

அப்படியானால் குழாயைத் திறந்து நேரே தொட்டியில் விட்டுவிடலாமா என்றால், அதுவும் ஆகாது. இந்தத் தண்ணீரில் தொல்லை உப்பால் வருவதில்லை. பிளீச்சிங் பவுடரால் வருகிறது, மழைக்காலச் சேற்றால் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாததால் வருகிறது. அந்தக் கடைசி விஷயம்தான் என் மீன்களைக் கொன்றது.

முதல் சொட்டிலேயே மாறிய நிறம்

கே.எச். என்று தொட்டிக்காரர்கள் சொல்வது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் அளவு. அமிலம் சேரும்போது அதைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதிப்பது சுலபம்: 5 மில்லி தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நிறம் மாற எத்தனை சொட்டு ஆனதோ அத்தனை டிகிரி. கோவையில் பதினைந்து, பதினாறு சொட்டு விட்ட கை இது. குன்னூரில் முதல் சொட்டிலேயே நீலம் மஞ்சளாகிவிட்டது. கிட் காலாவதியாகிவிட்டது என்று தூக்கி வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கே.எச். பார்க்கவே இல்லை.

தொட்டி ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைச் செரிக்க ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். கோவைத் தண்ணீரில் அது கடலில் கரைத்த பெருங்காயம். இங்கே இருப்பதே லிட்டருக்கு 18 மில்லிகிராமை ஒட்டித்தான், அதாவது ஒரு டிகிரி. பத்து நாளில் மெத்தை காலி. அப்புறம் பி.எச். மாடிப்படியில் உருண்ட மாதிரி இறங்கும். ஆறுக்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்த அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் விஷமில்லாத அம்மோனிய அயனியாகவே கிடக்கும். மீன் லேசாகச் சோர்ந்திருக்கும், சாகாது. நான் பார்த்த நாளில் பி.எச். 5.8. பதறிப்போய் ஆப்பச் சோடா இரண்டு ஸ்பூன் கரைத்து ஒரேயடியாக ஊற்றினேன். பி.எச். எட்டை ஒட்டிப் போனது. பி.எச். ஒரு எண் ஏறினால் விஷ அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். இரண்டு எண் ஏறினால் நூறு மடங்கு. மறுநாள் காலையில் ஆறு டெனிசன் பார்ப் மிதந்தன. மிஸ் கேரளா என்று கடையில் விற்பார்களே, அந்தச் சிவப்புக் கோட்டு மீன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலேயே பிறந்த ஜாதி, குளிரும் மென்னீரும் அதற்குப் பிடித்தவை. அதையே கொன்றேன்.

செய்திருக்க வேண்டியது, பி.எச். கீழே இருக்கும்போதே தினம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி அம்மோனியாவை வெளியேற்றுவது. அதன் பிறகு நாளுக்கு அரை டிகிரி வீதம் கே.எச்.சை ஏற்றுவது. 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பச் சோடா ஒரு டிகிரி ஏற்றும். சமையலறைத் தராசில் 3 கிராம் சரியாக நிற்காது என்றால் 30 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு 100 மில்லி எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம், மலையில் ஆர்.ஓ. போட்டால் இருக்கிற ஒரு டிகிரியும் போய்விடும். அப்புறம் கடையில் மினரல் பவுடர் வாங்கிப் போட வேண்டும். காசு கொடுத்து எடுத்துவிட்டு, காசு கொடுத்துத் திரும்பப் போடுவது.

இரண்டு பௌல் போதுமா?

நன்னீர்த் தொட்டிக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான்: சுவரில் இரண்டு பத்து அங்குல ஹவுசிங், பௌல் என்பதும் இதைத்தான். முதலாவதில் சேற்றைப் பிடிக்கும் 5 மைக்ரான் ஸ்பன், இரண்டாவதில் குளோரினைப் பிடிக்கும் கார்பன் பிளாக். மின்சாரம் வேண்டாம், வீணாகும் தண்ணீர் இல்லை, மேல்தொட்டியிலிருந்து இறங்கும் அழுத்தமே போதும். பத்தடி உயரத்துக்கு 4.3 பி.எஸ்.ஐ. என்று கணக்கு. மொட்டைமாடித் தொட்டி ஒன்றரை மாடி மேலே இருந்தால் ஏழெட்டு வரும், ஆர்.ஓ.வில் உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்ப்ரேனுக்குப் போதாது, ஸ்பன்னுக்கும் கார்பனுக்கும் யதேஷ்டம்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஸ்பன்னைத்தான் அடிக்கடி கவனிக்க வேண்டும். கோடையில் மூன்று மாதம் தாங்கும் ஸ்பன், ஐப்பசி கார்த்திகையில் மூன்று வாரத்தில் செங்கல் நிறமாகிவிடும். தேதி பார்த்து மாற்றாதீர்கள், ஒழுக்கைப் பார்த்து மாற்றுங்கள். வழக்கமாக ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். அது ஒன்றரை மடங்கானால் ஸ்பன்னுக்கு விடை. சோலையும் சீகை மரமும் கற்பூர மரமும் இருக்கிற பள்ளத்திலிருந்து வரும் தண்ணீரில் இலைச்சாறு இறங்கி ஒரு பழுப்பு நிறம் இருக்கும். அது ஸ்பன்னில் நிற்காது, கார்பனில் கொஞ்சம் பிடிபடும். மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் டீத்தண்ணீர் மாதிரி இருக்கும்.

கார்பன் விஷயம் வேறு. அது செத்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஒழுக்கும் குறையாது. டி.டி.எஸ். மீட்டரும் காட்டிக்கொடுக்காது, குளோரின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருந்தால் 41 என்ற எண்ணில் அது எங்கே தெரியப்போகிறது? ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரப்படி எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நமக்கு அது காவல், மீனின் செவுளுக்கு அது தீ. மழை பெய்து தண்ணீர் கலங்கிய நாட்களில் பிளீச்சிங் பவுடர் இன்னும் கொஞ்சம் தாராளமாக விழும், மூக்கே சொல்லிவிடும். எனவே கார்பனைச் சோதிக்க ஒரே வழி குளோரின் கிட். உள்ளாட்சி ஊழியர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால் மஞ்சளாகும். டி.பி.டி. மாத்திரை வகையில் இளஞ்சிவப்பாகும். எதுவானாலும் சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் சிங்கில் கொட்டுங்கள். சோதிக்கும்போது முதலில் வடிகட்டாத குழாய்த் தண்ணீரைப் பாருங்கள். அதிலேயே மஞ்சள் வராவிட்டால் கார்பன் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, அன்று குளோரினே போடவில்லை என்றும் இருக்கலாம். நான் ஒரு தடவை இதில் ஏமாந்திருக்கிறேன்.

கார்பனில் தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்வை முழுசாகத் திறந்து அவசரமாக வாளி பிடித்தால் குளோரின் தப்பிவிடும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் முதல் இரண்டு லிட்டரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். குளோரின் போன தண்ணீர் கார்பனுக்குள் நின்றால் அங்கே பாக்டீரியா குடித்தனம் வைத்துவிடும்.

காவலுக்கு ஒரு டப்பா ஹைப்போ வைத்திருக்கிறேன். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்குத் தெரிந்த அதே சோடியம் தயோசல்பேட்தான். 100 லிட்டருக்கு ஒரு கிராம், குழாய்த் தண்ணீரில் வழக்கமாக இருக்கும் குளோரினுக்குத் தாராளம். டிரம்மில் இரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரின் தானே போய்விடும் என்பது சமவெளி அனுபவம். இங்கே குளிர் தண்ணீரில் வாயு சீக்கிரம் வெளியேறாது, ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால்தான் நம்பலாம்.

மலை வீடுகளுக்கே உரிய இன்னொரு வம்பு கீசர். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 13 டிகிரி இருக்கும், தொட்டி 24. வாளியில் கொஞ்சம் கீசர் தண்ணீர் கலந்து சூடு சமமாக்கலாம் என்று கை தானாகப் போகும். பல கீசர்களில் உள்கலம் செம்பு. மென்னீர், அதுவும் லேசான அமிலத்தன்மையுள்ள மென்னீர், கடின நீரைவிட உலோகத்தை அதிகம் அரிக்கும். சுண்ணாம்புப் படலம் பூசிக் குழாயைக் காக்க இங்கே சுண்ணாம்பே இல்லையே. செம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் கலந்தாலும் மீட்டரில் 41 அப்படியே 41-ஆகத்தான் நிற்கும், இறால் மட்டும் கவிழ்ந்துவிடும். பழைய ஜி.ஐ. குழாயில் துத்தநாகத்துக்கும் இதே கதை. ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். டிரம்மிலேயே தொட்டி ஹீட்டர் ஒன்றைப் போட்டுச் சூடாக்குங்கள்.

மோலி, கப்பி, பிளாட்டி மாதிரி கடின நீர் விரும்பிகளுக்கு கே.எச். மட்டும் போதாது, கால்சியமும் வேண்டும். ஃபில்டரில் ஒரு துணிப்பையில் கிளிஞ்சல் உடைத்துப் போட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி. தண்ணீர் அமிலமாகும்போது அதிகம் கரையும், சரியானதும் தானே நிதானித்துக்கொள்ளும். மறதிக்காரர்களுக்கு ஆப்பச் சோடாவைவிட இது நல்லது.

சமையலறை மெஷினிலிருந்து ஒரு டியூப்

பலர் செய்வது இதுதான்: குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ.விலிருந்து தொட்டிக்கும் பிடித்துக்கொள்வது. எனக்கு இதில் உற்சாகமில்லை. அந்த மெஷினுக்குள் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும், வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். கூடவே மினரல் கேட்ரிட்ஜ் வேறு. அதிலிருந்து வருவது ஆர்.ஓ. தண்ணீர் இல்லை, ஒரு கலவை. எந்த விகிதத்தில் என்பது கடைசியாக வந்த சர்வீஸ்காரர் எந்தப் பக்கம் திருகினார் என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். ஏப்ரல், மே மாதங்களில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் இருந்துகொண்டு அதைச் செய்ய மனசு வராது.

ஆனால் இந்த மெஷினை வைத்துத்தான் நான் மெம்ப்ரேன் பாடம் படித்தேன். முதல் டிசம்பரில் ஒழுக்கு நூல் மாதிரி ஆகிவிட்டது. ஏ.எம்.சி. போட்டிருந்த கம்பெனியிலிருந்து வந்த பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெம்ப்ரேன் போச்சு சார், மாத்திடலாம்" என்றான். மாற்றினோம். பணம் கொடுத்தேன். புது மெம்ப்ரேனிலும் அதே நூல். "பூஸ்டர் பம்பும் வீக்கா இருக்கும் சார்." அதற்கு மேல் நான் போகவில்லை. ஏப்ரலில் எதையும் தொடாமலே ஒழுக்கு சரியாகிவிட்டது.

குளிர் தண்ணீர் கெட்டியானது, மெம்ப்ரேனின் நுண்துளை வழியே மெதுவாகத்தான் புகும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு 25 டிகிரித் தண்ணீருக்கானது. ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) மெம்ப்ரேன் என்றால் நாளுக்கு 284 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 197 மில்லி. தண்ணீர் 13 டிகிரி இருக்கும் ஜனவரியில் அதே மெம்ப்ரேன், அதே அழுத்தத்தில், 135 மில்லி கொடுத்தால் அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள்.

ஆகவே மலையில் ஆர்.ஓ.வைச் சோதிக்க மூன்று சாமான் வேண்டும்: ஒரு அளவு ஜக், கைக்கடிகாரம், வெப்பமானி. ஒரு நிமிடம் பிடித்து, அளவையும் தண்ணீரின் சூட்டையும் உள்ளே போகும் டி.டி.எஸ்., வெளியே வரும் டி.டி.எஸ். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஒழுக்கு குறைந்து டி.டி.எஸ். அப்படியே இருந்தால் குளிர், இல்லையென்றால் ஸ்பன் அடைப்பு. ஒழுக்கு கூடி டி.டி.எஸ்.சும் ஏறினால் மெம்ப்ரேன் கிழிந்திருக்கிறது, அல்லது குளோரின் அதைத் தின்றிருக்கிறது, அல்லது உள்ளே ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை. கடைசியானதை முதலில் பாருங்கள், செலவில்லை.

சதவீதக் கணக்கிலும் மலையில் ஒரு மயக்கம் உண்டு. நல்ல மெம்ப்ரேன் 96, 97 சதவீதம் உப்பை நிறுத்தும் என்று படித்துவிட்டு நம் ஆட்கள் கணக்குப் போடுவார்கள். 41 உள்ளே, 3 வெளியே, 92.7 சதவீதம். போச்சு, மாற்று! பொறுங்கள். மீட்டர் முழு எண்ணாகத்தான் காட்டும். 3 என்பது 2 ஆனாலே சதவீதம் 95-க்குத் தாவிவிடும். கோவையில் 1,180 உள்ளே போகும்போது அந்தக் கணக்கு பொருந்தும். இங்கே போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று எண்ணை எண்ணோடு ஒப்பிடுவதே புத்திசாலித்தனம். மீட்டரையும் வருடத்துக்கு ஒருமுறை 342 பி.பி.எம். உப்புக் கரைசலில் வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். பனியில் குளிர்ந்த தண்ணீரில் உடனே நனைக்காமல், டம்ளரில் பிடித்து அறைச் சூட்டுக்கு வந்தபின் பாருங்கள். மலிவு மீட்டர்களின் வெப்பச் சரிகட்டலை நான் முழுசாக நம்புவதில்லை. பேனா மாதிரி வரும் பி.எச். மீட்டரை ஆர்.ஓ. தண்ணீரில் வைக்கவே வைக்காதீர்கள். உப்பில்லாத தண்ணீரில் அது எண்ணைத் தேடி அலைந்துகொண்டே இருக்கும்.

கடல் தொட்டி என்றால்

இங்கேதான் என் பேச்சு மாறுகிறது. பவளம் வைக்கப்போகிறவருக்கு ஆர்.ஓ.வும் அதற்குப் பின்னால் டி.ஐ. ரெசினும் (மெம்ப்ரேனைத் தாண்டி வரும் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வேண்டும், மலையிலும் வேண்டும்.

41 தானே, அதனால் என்ன என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். 60 லிட்டர்க் கடல் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். வெளியே குளிர், தொட்டியில் ஹீட்டர், அவ்வளவு ஆகும். வருடம் முழுக்கக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் சேரும் மொத்த உப்பு 15 கிராம். தொட்டியிலேயே இருப்பது லிட்டருக்கு 35 கிராம் வீதம் 2,100 கிராம். 15 கிராம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், வந்த உலோகம் அங்கேயே தங்கும். குழாயில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பு இருந்தால் வருட முடிவில் தொட்டிக்குள் வந்து சேர்ந்தது 18 மில்லிகிராம், லிட்டருக்கு 0.3. கொஞ்சம் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டிக்கொள்ளும் என்றாலும் நத்தைக்கும் இறாலுக்கும் மிச்சமே போதும். சிலிக்காவும் பாஸ்பேட்டும் பாசிக்குச் சாப்பாடு. இதற்காகத்தான் மீட்டரில் சைபர் வர வேண்டும் என்பது.

மலையின் சாதகம், டி.ஐ. ரெசின் நெடுநாள் வரும். திருப்பூரில் மெம்ப்ரேனைத் தாண்டி 40 வந்த இடத்தில் இங்கே 3. காகிதக் கணக்கில் பத்து மடங்குக்கு மேல் ஆயுள். நடைமுறையில் அவ்வளவு வராது, காரணம் கரியமில வாயு. அது மெம்ப்ரேனில் நிற்காது, மீட்டரிலும் சரியாகத் தெரியாது, நேரே போய் ரெசினின் ஒரு பாதியைத் தீர்த்துவிடும். ஊற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இது அதிகம். சந்தேகமிருந்தால் குழாயில் பிடித்த உடனே பி.எச். பாருங்கள், ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அரை எண்ணுக்கு மேல் ஏறினால் வாயு நிறைய இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு ராத்திரி காற்று விட்டு, அப்புறம் சின்ன மோட்டாரால் ரெசினுக்குள் தள்ளுவது கொஞ்சம் வேலை, ரெசின் மிச்சம்.

நிறம் மாறும் ரெசின் அழகாக இருக்கும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், கடைசியில் மீட்டர் 1 காட்டியதும் மாற்றுங்கள். ரெசின் தீரும் சமயத்தில் முதலில் நழுவுவது சிலிக்கா மாதிரி லேசாகப் பிடிபட்ட சரக்குதான்.

ஆர்.ஓ. மெஷினில் கார்பன் தீர்ந்ததா என்று பார்க்க நல்ல இடம் கழிவுக் குழாய். மெம்ப்ரேனை உரசிவிட்டு வெளியேறும் தண்ணீர் அது. அதில் குளோரின் கிட் மஞ்சள் காட்டினால் குளோரின் மெம்ப்ரேனைத் தொட்டுவிட்டது. அப்புறம், தினம் இரண்டு லிட்டர் என்று பிடிக்காதீர்கள். நின்றுகிடந்த மெம்ப்ரேனில் முதலில் வரும் தண்ணீரில் உப்பு அதிகம். ரெசினைத் தின்பது அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக 60 லிட்டர், முதல் ஐந்து நிமிடம் வெளியே. பூஸ்டர் பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். காற்று மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்த வாரத்துக்கும் சேர்த்து ஒரு டிரம் எப்போதும் நிரம்பியிருக்கட்டும். ஊட்டி, தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் இடமென்றால் மெஷினை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பௌலும் விரியும், உறைந்த மெம்ப்ரேனும் வீண்.

மழைத் தண்ணீர் என்னாச்சு என்று கேட்பீர்கள். கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவத்தில் நல்ல மழை, மீட்டரில் பத்துக்குள்தான் வரும். ஓட்டு வீடென்றால் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடிக்கலாம். தகரக் கூரை என்றால் துத்தநாகம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடென்றால் மருந்து அடிக்கும் நாட்கள் இருக்கின்றன. எனக்கு இறங்க மனமில்லை. 20 லிட்டர் கேன் வாங்கி ஊற்றுவது ஒரு அடித் தொட்டிக்குச் சரி.

தம்பிக்கு நான் கடைசியில் சொன்னது, மெஷினை விற்காதே என்பதுதான். அதிலிருக்கும் மினரல் கேட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, டி.டி.எஸ். கன்ட்ரோலரை மூடிவிட்டு, ஒரு டி.ஐ. பௌல் மட்டும் புதிதாகச் சேர்த்தால் கடல் தொட்டிக்கான மெஷின் தயார். மெம்ப்ரேன் காயக் கூடாது, ஈரத்தோடு பாலித்தீனில் கட்டி எடுத்து வா என்றேன். கழிவுக்கு அவன் வீட்டில் ஒரு நல்ல வேலை இருக்கிறது. கழிவுத் தண்ணீரும் கார்பனைத் தாண்டித்தான் வருகிறது, குளோரின் இல்லை. சுண்ணாம்பு படியும் பயம் இங்கே இல்லாததால் எஃப்.ஆர். (கழிவு ஒழுக்கைக் கட்டுப்படுத்தும் சின்னச் சாமான்) மாற்றி, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு லிட்டர் கழிவு என்று வைக்கலாம், அவ்வப்போது ஃப்ளஷ் செய்தால் போதும். 41 உள்ளே போய், 3 கடல் தொட்டிக்குப் பிரிந்தால், கழிவில் 79 வரும், கே.எச்.சும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மோலிக்கு நல்ல தண்ணீரைவிடக் கழிவுதான் பொருத்தம். கிளிஞ்சல் பையும் இருந்தால் மோலிக்கு அதுவே போதும்.

போன ஞாயிறு சாமான் இறக்கியிருக்கிறான். சாயங்காலம் போன் வந்தது. மீட்டரில் 46 காட்டுகிறதாம், மோலி எல்லாம் உயிரோடு இருக்கிறதாம்.

"ஆனா அண்ணா, அந்த கே.எச். கிட்டு வர்ற வழியில கெட்டுப்போச்சு போல. முதல் சொட்டுலயே கலர் மாறிடுச்சு."